பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்

க்ரூப் போட்டோ எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நடுவில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க மாட்டேன். ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறாரே, அவரைத்தான் பார்ப்பேன். 'இவர் யாரு, அப்புறம் என்ன ஆனாரு?' என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஆபீஸ் பிரிவுபசார போட்டோக்களில் அந்த ஓரத்து ஆசாமி பெரும்பாலும் நானாகவே இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படி நான் அடிக்கடி பார்க்கிற ஒரு போட்டோ, 1957 ஜூலை 6-ம் தேதி எடுத்தது. இடம், இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தின் வுல்டன் என்கிற பகுதி. செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சின் மைதானம். சின்னதாக ஒரு மேடை. கட்டம் போட்ட சட்டையில் ஒரு பையன், மைக்கைக் கடித்துவிடுவான் போல நின்று பாடிக்கொண்டிருக்கிறான். 16 வயசு. பெயர் ஜான் லெனன். அவனை விட்டுவிடுங்கள், ஊர் உலகத்துக்கே தெரிந்த ஆள். மேடையில் அவனைச் சுற்றி இன்னும் அஞ்சு பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றி.

கோஷ்டியின் பெயர் 'குவாரிமென்'. ஜான் படித்த குவாரி பேங்க் பள்ளிக்கூடத்தின் பாட்டில் வருகிற சொல். வுல்டனில் நிஜமாகவே கல் குவாரியும் இருந்ததால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது. 1956 கடைசியில் ஆரம்பித்து, 1959 கடைசியில் கிட்டத்தட்ட முடிந்துபோன கோஷ்டி. மூணு வருஷம். சில ஊர்களில் ஒரு மேம்பாலம் கட்டவே இதைவிட அதிக நாள் ஆகும். சொந்தச் சரக்கு ஏறக்குறைய கிடையாது. ரேடியோவில் கேட்ட பாட்டை, கேட்ட மாதிரி, காதில் விழுந்த வரைக்கும் பாடுவது. அவ்வளவுதான்.

பையன்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது?

லானி டோனகன் என்று ஒரு பாடகர். 1955 கடைசியில் வெளிவந்த அவருடைய 'ராக் ஐலண்ட் லைன்' ரிக்கார்டு அடுத்த வருஷம் பிரிட்டன் முழுக்க ஓட்டமான ஓட்டம். அந்த ரக சங்கீதத்துக்கு 'ஸ்கிஃபிள்' என்று பெயர். அதன் பெரிய கவர்ச்சி, சங்கீதம் தெரிந்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான்! மூணு 'கார்ட்' பிடிக்கத் தெரிந்தால் கிடார்காரர். அம்மா துணி துவைக்கிற வரிப் பலகையைத் தூக்கி வந்து, தையல்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் தொப்பியால் பரபரவென்று தேய்த்தால் தாள வாத்தியக்காரர். காலி டீப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்தி, நடுவில் கயிறு கட்டி இழுத்து மீட்டினால் 'பாஸ்' வித்வான். மொத்த முதலீடு ஒரு கிடார்தான். மற்றதெல்லாம் சமையலறையிலிருந்து சுட்டது.

அந்த டீப் பெட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை அந்த மாதிரி ப்ளைவுட் பெட்டிகளில்தான் கப்பலேறிப் போயிற்று. மலையகத்தில் நம் ஜனங்கள் அட்டைக்கடியோடு பறித்து அனுப்பிய கொழுந்தை அவர்கள் ஊற்றிக் குடித்துவிட்டு, மிச்சமிருந்த பெட்டியில் பிள்ளைகள் சங்கீதம் பண்ணினார்கள். ராக் சரித்திரத்தில் நமக்கும் ஒரு பெட்டி அளவு இடம் உண்டு என்று நான் தைரியமாகச் சொல்லிக்கொள்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 18 வயசானால் இரண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவை என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. அதற்கு மங்களம் பாடிவிடுவதாக 1957-ல் அரசாங்கம் அறிவித்தது. இந்தக் கோஷ்டியில் பெரும்பாலோர் மயிரிழையில் தப்பித்த வயசு. துப்பாக்கி தூக்கியிருக்கவேண்டிய கைகள் கிடாரைத் தூக்கின. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு கோஷ்டிகள் முளைத்தன.

இனி ஆசாமிகள்.

ஜானுக்குக் கிடார் வாங்கிக் கொடுத்தது அம்மா ஜூலியா. அவருக்குப் பாஞ்ஜோ வாசிக்கத் தெரியும். அதையே மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதனால் ஆறு தந்திக் கிடாரைப் பையன் நாலு தந்திப் பாஞ்ஜோ மாதிரிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் வளர்ந்ததோ பெரியம்மா மிமி வீட்டில். 'கிடாரெல்லாம் சரிதான், அதை வச்சு சோறு திங்க முடியாது' என்கிற ரீதியில் பெரியம்மா சொன்னது பின்னாளில் உலகப் பிரசித்தம். எந்த நாட்டிலும் பெரியம்மாக்கள் ஒரே புஸ்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள்!

வரிப் பலகை, பீட் ஷாட்டன். ஜானின் உயிர் சிநேகிதன். சங்கீத ஞானம் சுத்தமாக சைபர். அவனே அதை ஒத்துக்கொண்டவன். சிநேகிதன் கூப்பிட்டான், போனான்.

பாஞ்ஜோ, ராட் டேவிஸ். நன்றாகப் படிக்கிற பையன். இரண்டாவது கிடார், எரிக் கிரிஃபித்ஸ். டீப் பெட்டி, லென் கேரி. ட்ரம்ஸ், காலின் ஹான்டன். காலின் மட்டும் அப்போதே சம்பாதிக்கிறவர். சோபாவுக்கு மெத்தை தைக்கிற தொழில் பழகிக்கொண்டிருந்தார். ட்ரம்ஸைத் தவணையில் வாங்கியிருந்தார். ஆள் பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருப்பாராம். அதனால் மதுக்கடைக்காரர்களிடம் காட்டுவதற்காகப் பிறப்புச் சான்றிதழைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

மேனேஜர் ஒருவரும் உண்டு. நைஜல் வாலி. கோல்ஃப் மைதானத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். அங்கே ஆட வந்த ஒரு டாக்டரின் மகன்தான் 'கேவர்ன்' என்கிற ஜாஸ் க்ளப்பின் முதலாளி. நைஜல் அந்த வழியாகப் பேசி, 1957 ஆகஸ்ட் 7-ம் தேதி அங்கே ஒரு சான்ஸ் வாங்கினார். ஜான் பாதியில் ராக் அண்ட் ரோல் பாட ஆரம்பிக்க, 'அந்தக் கண்றாவியை நிறுத்து' என்கிற அர்த்தத்தில் முதலாளியிடமிருந்து மேடைக்கே சீட்டு வந்தது. பின்னாளில் அதே பாதாள அறை உலகத்தின் மிகப் பிரபலமான ராக் க்ளப்பாக ஆனது. சீட்டு எழுதுகிறவர்கள் ஜாக்கிரதையாக எழுதவேண்டும்.

வுல்டன் திருவிழாவுக்கு வருவோம். காலையில்... இல்லை, மத்தியானத்துக்கு மேல் லாரியில் ஏற்றி ஊர்வலம். பிறகு மைதானத்தில் கச்சேரி. அன்றைய நிகழ்ச்சிகளில் போலீஸ் நாய்களின் சாகசமும் இருந்தது. கூட்டம் யாரை அதிகம் ரசித்தது என்று கேட்காதீர்கள். ஜான் பாடிய ஒரு பாட்டில் அவனுக்கு வரிகளே சரியாகத் தெரியாது. வாயில் வந்ததைப் போட்டு ஒப்பேற்றினான். சாயங்காலம் சர்ச் ஹாலில், ஐவன் வான் என்கிற சிநேகிதன் ஒரு பையனைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினான். பால் மெக்கார்ட்னி. வயசு 15. கிடாரை வாங்கி, சுருதி சேர்த்து, எடி காக்ரன் பாட்டு ஒன்றை ஒரு வரி விடாமல் பாடிக்காட்டினான். முழுப் பாட்டும் தெரிந்த பையன்! ஜானுக்குக் கவலை வந்துவிட்டது. இவனைச் சேர்த்தால் நம் தலைமைக்கு ஆபத்து. சேர்க்காவிட்டால் கோஷ்டி இப்படியேதான் இருக்கும். கடைசியில் சேர்த்தான்.

அன்றைய கச்சேரியை ஒருவர் டேப் ரிக்கார்டரில் பதிவு பண்ணியிருந்தார். 1994-ல் அது ஏலத்துக்கு வந்தபோது இ.எம்.ஐ. கம்பெனி 78,500 பவுண்டுக்கு எடுத்தது. பையன்கள் வரி தெரியாமல் பாடிய நாளுக்கு!

பால் வந்த பிறகு கோஷ்டி சீரியஸாக ஆரம்பித்தது. சீரியஸாக ஆனதும் ஆட்கள் உதிரவும் ஆரம்பித்தார்கள்.

முதலில் போனவர் பீட். 'எனக்கு இது சரிப்படலைப்பா' என்று ஒரு பார்ட்டியில் சொல்ல, ஜான் வரிப் பலகையை எடுத்து அவர் தலையிலேயே போட்டு உடைத்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜினாமா ஏற்கப்பட்டது. நான் பார்த்த ராஜினாமாக்களிலேயே இவ்வளவு சுமுகமாக எதுவும் முடிந்ததில்லை.

அடுத்தது ராட். ராக் அண்ட் ரோலுக்குப் பாஞ்ஜோ தேவையில்லை, அவருக்கும் படிப்பு இருந்தது. டீப் பெட்டி லென்னுக்கு மூளைக்காய்ச்சல், காசநோயால் வந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது அவர் இடம் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

எரிக் விஷயம்தான் கொஞ்சம் நெருடல். 1958 ஆரம்பத்தில் பால் தன் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருவனைச் சிபாரிசு பண்ணினான். ஜார்ஜ் ஹாரிசன். 'பச்சைக் குழந்தைய்யா இது' என்கிற மாதிரி ஜான் தயங்கினான். ஒருநாள் ராத்திரி, ஆளில்லாத பஸ்ஸின் மாடியில், ஜார்ஜ் 'ரான்ச்சி' என்கிற மெட்டை அட்சரம் பிசகாமல் வாசித்தான். வேலை கிடைத்துவிட்டது. இப்போது கோஷ்டியில் நாலு கிடார். ஒன்று அதிகம். எலெக்ட்ரிக் பாஸ் வாங்கிக்கொண்டு வா என்று எரிக்கிடம் யோசனை சொன்னார்கள். அவரிடம் அதற்குப் பணம் இல்லை. அப்புறம் ஒரு ஒத்திகை நடந்தது, எரிக்குக்குச் சொல்லி அனுப்பாமல். அவ்வளவுதான். எரிக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார்.

'உங்களை எடுத்துட்டோம்' என்று யாரும் நேரே சொல்லமாட்டார்கள். மீட்டிங் இருக்கும், நமக்கு மெமோ வராது. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1958 ஜூலை 12-ம் தேதி மிச்சமிருந்த அஞ்சு பேர், ஜான், பால், ஜார்ஜ், காலின், பியானோ வாசிக்க வந்த ஜான் டஃப் லோ, ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை சேர்த்துக்கொண்டு, பெர்ஸி ஃபிலிப்ஸ் என்பவர் வீட்டிலேயே நடத்திவந்த ஸ்டுடியோவுக்குப் போனார்கள். கட்டணம் 17 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பவுண்டுகூட இல்லை. ஒரு பக்கம் படி ஹாலியின் பாட்டு. மறுபக்கம் சொந்தப் பாட்டு, பாலும் ஜார்ஜும் சேர்ந்து போட்டதாகப் பெயர். ஒரே ஒரு தட்டு. அஞ்சு பேருக்கு ஒரு தட்டு என்றால் என்ன செய்வது? ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தார்கள். முறைப்படி சுற்றி டஃப் லோவிடம் வந்தது. அதோடு எல்லோரும் மறந்துபோனார்கள். அந்த 'ஒரு வாரம்' 23 வருஷம் நீடித்தது! 1981-ல் பால் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். லைப்ரரி புஸ்தகத்தைத் திருப்பாமல் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த இடத்தில் சந்தோஷப்படலாம்.

தட்டு பதிவாகி மூணாம் நாள், ஜூலை 15. ஜூலியா, மிமி வீட்டுக்கு வந்து பேசிவிட்டுச் சாயங்காலம் கிளம்பினார். வாசலில் எதிர்ப்பட்டவர் நைஜல், மேனேஜர் பையன். ஜானைத் தேடி வந்தவர். ஜான் வீட்டில் இல்லை. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார்கள். நைஜல் தன் வழியில் திரும்ப, ஜூலியா மென்லவ் அவென்யூவைக் கடந்தார். கார் மோதியது. சத்தம் கேட்டு நைஜல் திரும்பிப் பார்த்தார். மகனுக்கு முதல் கிடார் வாங்கிக் கொடுத்து, முதல் கார்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண்மணி, மகன் குரல் முதல்முதலாகத் தட்டில் ஏறிய மூணாம் நாள் போய்விட்டார். ஜானுக்கு 17 வயசு.

அதற்குப் பிறகு கோஷ்டி தள்ளாடியது. டஃப் லோவின் வீடு ஊரின் இன்னொரு பக்கம். வந்து போவது கஷ்டம், நின்றுவிட்டார். 1959 ஆரம்பத்தில் பஸ் தொழிலாளர் க்ளப் ஒன்றில் கச்சேரி. முதல் பாதி பிரமாதம். இடைவேளையில் பீர். இரண்டாம் பாதி சகிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வாக்குவாதம் முற்றி, காலின் தன் ட்ரம்ஸைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் இறங்கினார். அப்புறம் அவர் வரவில்லை. இவர்களும் கூப்பிடவில்லை.

ஜார்ஜ் பஸ் மாடியில் ஏறினார். காலின் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம்.

கடைசிச் சண்டை 15 ஷில்லிங்குக்கு. 1959 ஆகஸ்டில் மோனா பெஸ்ட் என்ற அம்மாள் தன் வீட்டு நிலவறையில் 'கஸ்பா' என்று ஒரு காபி க்ளப் திறந்தார். ஜான், பால், ஜார்ஜ், புதிதாகக் கென் பிரவுன் என்ற கிடாரிஸ்ட், இந்த நாலு பேரும் சனிக்கிழமைதோறும் கச்சேரி. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கென்னுக்கு உடம்பு சரியில்லை, வாசிக்கவில்லை. அம்மாள் பெரிய மனசோடு அவருக்கும் 15 ஷில்லிங் கொடுத்துவிட்டார். 'வாசிக்காதவனுக்கு எதுக்குச் சம்பளம்?' என்று மற்ற மூணு பேரும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். சிக் லீவுக்குச் சம்பளப் பிடித்தம் கேட்ட உலகின் முதல் ராக் கோஷ்டி! 'குவாரிமென்' கதை அத்தோடு சரி. 1960-ல் அந்த மூணு பேரும் 'பீட்டில்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு ஹாம்பர்க் போனார்கள். மீதி உங்களுக்கே தெரியும்.

இந்தக் கதையை ஆபீஸ் கேண்டீனில் சொன்னேன். பக்கத்து ஸீட் நண்பர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ பாவம் சார்! அந்த ட்ரம்ஸ்காரன் அன்னிக்கு பஸ்ஸுல வாயை மூடிக்கிட்டு வந்திருந்தா இன்னிக்குக் கோடீஸ்வரன்!" என்றார். மேசையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தக் கணக்கில் சம்மதம் இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தவர்களும் உண்டு. கஸ்பா அம்மாளின் மகன் பீட் பெஸ்ட், 1960 முதல் இரண்டு வருஷம் பீட்டில்ஸுக்கு ட்ரம்ஸ் வாசித்தார். ஹாம்பர்க்கில் விடிய விடிய அடித்தார். 1962 ஆகஸ்டில், ரிக்கார்டு கான்ட்ராக்ட் கையில் வந்த நேரத்தில், அவரை இறக்கிவிட்டு ரிங்கோவை ஏற்றிக்கொண்டார்கள். 'வாயை மூடிக்கொண்டு வந்தால் கோடீஸ்வரன்' என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. போகட்டும், ஏறியே இருந்த நாலு பேராவது கடைசி ஸ்டாப் வரை சேர்ந்து போனார்களா? 1970-ல் பிரிந்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 31-ம் தேதி பால், மற்ற மூணு பேர்மீதும் கேஸ் போட்டார். உலகம் கொண்டாடிய கோஷ்டிக்கும் ஆயுள் பத்து வருஷம்தான்.

இறங்கியவர்கள் ஒன்றும் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. பாஞ்ஜோ ராட் கேம்ப்ரிட்ஜில் படிக்கப் போனார். அங்கே ஒரு கோஷ்டியில் சேர்ந்து, 1961-ல் டெக்கா கம்பெனிக்கு ஒரு ரிக்கார்டே கொடுத்துவிட்டார். அதே டெக்கா, 1962 ஜனவரி 1-ம் தேதி பீட்டில்ஸைப் பாடச்சொல்லிக் கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பியது! வரிப் பலகை பீட், போலீஸில் சேர்ந்து, அது பிடிக்காமல் விட்டு, ஜான் கொடுத்த பணத்தில் சூப்பர் மார்க்கெட் வைத்து, பிற்பாடு ஓட்டல் தொழிலில் கொடிகட்டினார். தலையில் பலகை உடைத்தவனோடு சிநேகம் முறியவே இல்லை. நைஜல் கோல்ஃப் தொழிலில் நிலைத்தார். காலின் மெத்தை தைத்தார். நல்ல சோபா ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதுவும் லேசுப்பட்ட வித்தை இல்லை.

இதில் யாருடைய வாழ்க்கை வீணாய்ப்போச்சு? நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனார், படிக்கிறவர் படிக்கப் போனார், தொழில் கற்றவர் தொழிலுக்குப் போனார். நாம் முடிவைத் தெரிந்துகொண்டு கதையைப் பின்னாலிருந்து படிக்கிறோம். அதனால்தான் அவர்கள் எதையோ தவறவிட்ட மாதிரி தெரிகிறது. அந்த 1957 மைதானத்தில் நின்று பார்த்தால் ஆறு பையன்கள், ஒரு லாரி, நாலைந்து போலீஸ் நாய்கள். அத்தனை பேரும் ஒரே அளவு சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷம் எதற்கும் முன்பணம் இல்லை. அன்றைக்கே முழுசாகப் பட்டுவாடா ஆகிவிட்டது.

ஆனால் ஒரு பாக்கி இருந்தது. அதை 1997-ல் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வருஷம், வுல்டன் திருவிழாவின் நாற்பதாம் ஆண்டு. பீட், ராட், எரிக், லென், காலின் அஞ்சு பேரும் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். எல்லோருக்கும் 55 தாண்டிவிட்டது. அதே சர்ச் மைதானத்தில் அதே பழைய டோனகன் பாட்டுக்களை வாசித்தார்கள். கூட்டம் வந்தது, பீட்டில்ஸ் வாசனைக்காகத்தான். அதில் அவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஆனால் வாசித்தது அவர்கள். ஆல்பம் போட்டார்கள், நாடு நாடாகப் போனார்கள். ஒத்திகைக்குச் சொல்லியனுப்பப்படாத எரிக், 2005-ல் கண்மூடுகிறவரை அந்தக் கோஷ்டியின் கிடாரிஸ்ட். பீட் 2017-ல் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். பீட்டில்ஸ் நாலு பேரால் அது முடியவில்லை. 1980-ல் ஜான் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, முடியும் என்கிற பேச்சுக்கே இடமில்லை. பிரிந்த பிறகு இருந்த பத்து வருஷத்திலும், அந்த நாலு பேர் ஒரு மேடையில் சேர்ந்து நின்று வாசிக்கவே இல்லை. உலகமே கேட்டது, கோடிக்கணக்கில் பணம் பேசினார்கள். சும்மா நாலு பழைய பாட்டு, யார் வீட்டுத் திண்ணையிலாவது, தப்பும் தவறுமாக வாசித்துவிட்டு வரலாம் என்றால் அவர்களால் அது ஆகாது. தப்பாக வாசிக்கிற உரிமை அவர்களிடமிருந்து போய்விட்டது. மெத்தை தைத்தவரிடம் அது பத்திரமாக இருந்தது.

உங்களிடமும் இருக்கும். காலேஜில் கல்ச்சுரல்ஸுக்காக வாங்கி, வேலை கிடைத்ததும் பீரோ மேலே ஏற்றிய கிடாரோ, கீபோர்டோ, மிருதங்கமோ. ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டுங்கள். தந்தி துருப்பிடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கோஷ்டியில் கூட இருந்தவர்களில் ரெண்டு பேர் நம்பராவது கைவசம் இருக்கும். அதில் ஒருத்தருக்கு அன்றைக்குச் சொல்லாமல் ஒத்திகை வைத்திருப்பீர்கள். முதல் போன் அவருக்குப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் கவலைப்படாதீர்கள். கேவர்ன் முதலாளியும் அப்படித்தான் சீட்டு அனுப்பினார்.